எங்கள் கூரையில் மட்டும் பனி நிற்பதில்லை

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலிருந்து ஒரு சகோதரி ஜனவரியில் நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வீடு 1961இல் கட்டியது. மாடியில்லாத செங்கல் வீடு, தளம் சுமார் 1,080 சதுர அடி, அடியில் பேஸ்மென்ட். கணவர், மூன்று பிள்ளைகள், 78 வயது மாமி என்று மொத்தம் ஆறு பேர். குளிர்காலம் வந்தால் எரிவாயுக் கட்டணம் ஏறுகிறது, வீடு மட்டும் சூடாவதில்லை. தெர்மோஸ்டாட் 22 காட்டும்போதே மாமி தன் அறையில் இரண்டு சுவெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ‘வயசுக் குளிர்’ என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த அறையில் ஒரு மின் ஹீட்டர் இரவு முழுக்க ஓடுகிறது. அந்தப் பக்கம் சூடு கூடுதலாகப் போகட்டும் என்று மற்ற அறைகளில் சூடு வரும் காற்றுத் துவாரங்களைக் கணவர் மூடிவைத்திருக்கிறார். கடுங்குளிர் இரவுகளில் சமையல் முடிந்ததும் காஸ் ஓவனின் கதவைத் திறந்து விடுகிறார்கள்.

காலையில் எல்லா ஜன்னல்களிலும் தண்ணீர் வழிகிறது. மாமியின் அலமாரி மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். குளியலறை சீலிங்கில் ஒவ்வொரு மார்ச் மாதமும் பழுப்புக் கறை வருகிறது. கூரை ஒழுகுகிறது என்று 1,400 டொலர் செலவழித்து ஒட்டுப்போட்டும் அடுத்த மார்ச்சில் அதே இடத்தில் கறை. அப்புறம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “பக்கத்து வீட்டுக் கூரைகளில் பனி வாரக்கணக்காகக் கிடக்கும். எங்கள் கூரையில் மட்டும் நிற்பதில்லை. நல்ல கூரை என்று இவர் சொல்லுவார்.”

இந்த நிலையில் ஜன்னல் விற்கும் ஒருவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். தமிழர், கணவரின் நண்பருக்குச் சொந்தக்காரர். வீட்டுச் சூடு முழுவதும் ஜன்னல் வழியாகத்தான் போகிறது என்று சொல்லி, 11 ஜன்னல்களையும் மாற்ற 24,000 டொலர், பத்து வருடத் தவணை என்று பேசி, கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டார். நான்கு நாளாகிறது. “ஜன்னலை மாற்றினால் குளிர் போகுமா? வேண்டாமென்றால் இனி விலக முடியுமா? தெரிந்த பையன், முகத்தில் எப்படி விழிப்பது?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நாள் கணக்கு முக்கியம் என்பதால் ஒப்பந்தத்தைப் பற்றி உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. அந்த ஓவன் கதவை இன்றிரவே மூடிவிடுங்கள், இனித் திறந்து வைக்காதீர்கள். காஸ் ஓவன் அறையைச் சூடாக்கச் செய்யப்பட்டதல்ல. அடைத்த வீட்டில் அது எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனொக்சைடு சேரும். எரிவாயு எரியும் வீடுகளில் தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இந்த வாயுவுக்கான அலாரம் வைத்திருப்பது ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் அதன் முதுகில் எழுதியிருக்கும் காலாவதி வருடத்தைப் பாருங்கள். பேஸ்மென்டிலும் ஒன்று வையுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகும்

நான் வீடுகளின் வெப்பத்தை அளப்பவன், வழக்கறிஞன் அல்ல. ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சட்டம் இது. ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல், நீங்கள் அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி), ஏசி, தண்ணீர் ஹீட்டர், தண்ணீர் வடிகட்டி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் வாங்குவது தடை. அப்படிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது. பலர் இந்தத் தடை எல்லாப் பொருளுக்கும் என்று நினைக்கிறார்கள். ஜன்னலும் கதவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் கணவர் போட்ட ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போகாது.

ஆனால் வீட்டில் வைத்துக் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு வேறொரு பாதுகாப்பு இருக்கிறது. எழுத்து வடிவப் பிரதி உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 10 நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். “இந்தத் தேதியில் போட்ட ஒப்பந்தத்தை ரத்துச் செய்கிறோம்” என்று இரண்டு வரி போதும். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். விற்றவர் ஏற்பாடு செய்த தவணைக் கடனும் அதோடு சேர்ந்து ரத்தாகும். பத்து நாள் தாண்டிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பொய் சொல்லி விற்றிருந்தால் ஒரு வருடத்துக்குள் அதைக் காரணம் காட்டி விலகலாம். அப்போது மட்டும் என்ன சொன்னார், எப்படித் தவறு என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

இனி அந்தப் பையனின் முகம். இதைக் கடைசியில் ஒரு வரியாகக் கேட்டிருந்தீர்கள், ஆனால் உங்களை அதிகம் அழுத்துவது இதுதான் என்று எனக்குப் பட்டது. நம் ஆட்களிடையே கல்யாணம், செத்த வீடு, கோயில் எல்லாவற்றிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடம் உண்மையானது. ஆனாலும் 24,000 டொலர் உங்கள் குடும்பத்தின் பத்து வருட உழைப்பில் ஒரு துண்டு. சட்டம் தந்த பத்து நாளைப் பயன்படுத்துவது அவரை அவமதிப்பதாகாது. கணவரே அவரை அழைத்து, “தம்பி, முதலில் வீட்டைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம். ஜன்னல்தான் காரணம் என்றால் உன்னிடமே வருகிறோம்” என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. நல்ல வியாபாரி அதைப் புரிந்துகொள்வார்.

பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது

ஜன்னலை மாற்றினால் குளிர் போகுமா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் நான் கோடு போட்ட வரி, அந்தக் கூரை வரிதான். கூரையில் பனி நிற்காமல் உருகுவது கூரையின் நல்ல குணம் அல்ல. வீட்டுச் சூடு மேலே ஏறி, கூரைப் பலகையை அடியிலிருந்து சூடாக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் சூடு வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அவர் கூரையில் பனி கிடக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பம் ஸ்காபரோவின் பனியை உருக்கிக்கொண்டிருக்கிறது. அப்படி உருகிய தண்ணீர் குளிர்ந்த கூரை விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து ஈட்டி ஈட்டியாகத் தொங்கும். உங்கள் வீட்டிலும் அப்படித் தொங்கும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது மார்ச் மாதக் கறை. மழை கொட்டும் ஜூலையில் வராத ஒழுக்கு மார்ச்சில் மட்டும் ஏன் வருகிறது? குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல், சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அட்டிக்கிலேயே முடிந்திருக்கலாம், அல்லது விசிறியைச் சுற்றிலும் சீலிங்கில் இடைவெளி இருக்கலாம். ஆறு பேர் குளிக்கும் வீட்டின் ஈரக் காற்று ஜனவரி, பிப்ரவரி முழுக்க அந்த வழியாக அட்டிக்குக்குள் ஏறுகிறது. அங்கே கூரைப் பலகையிலும் ஆணி முனைகளிலும் வெள்ளை வெள்ளையாக உறைகிறது. மார்ச்சில் ஒரு நாள் வெயில் அடித்ததும் மொத்தமாக உருகிச் சொட்டுகிறது. கூரை ஒழுகவில்லை. உங்கள் வீட்டு மூச்சு மேலே உறைந்து கீழே சொட்டுகிறது. இந்த மாதமே ஒருவர் அட்டிக் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் ஆணிகளில் உறைபனி தெரியும். அதற்குத்தான் நீங்கள் 1,400 டொலர் கொடுத்து கூரையின் வெளிப்பக்கத்தில் ஒட்டுப்போட்டீர்கள். வருத்தமாக இருக்கிறது, ஆனால் இந்தத் தவறை வருடாவருடம் பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் அடியில் ஒரே இயக்கம்தான். சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். குளிர்காலத்தில் வீடு முழுவதும் ஒரு புகைபோக்கி போல வேலை செய்கிறது. மேலே அட்டிக் மூடி, விசிறி, மின்விளக்குத் துளை, சுவருக்குள் ஓடும் குழாய்கள் என்று எங்கெல்லாம் வழி இருக்கிறதோ அங்கெல்லாம் சூடு வெளியேறும். வெளியேறிய அளவுக்குக் குளிர் காற்று கீழே பேஸ்மென்டில் நுழையும். பேஸ்மென்ட் சுவரின் தலைப்பில், கொங்கிரீட் முடிந்து மரச்சட்டம் தொடங்கும் இடம் இருக்கிறதே, அதுதான் பெரிய வாசல். நடுவில் இருக்கும் ஜன்னல்கள் இதில் சிறிய பங்காளிகள். மேலே அடைக்காமல் கீழே மட்டும் அடைத்தாலும் சரி, ஜன்னலை மட்டும் மாற்றினாலும் சரி, புகைபோக்கி இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஜன்னலில் வழியும் தண்ணீரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். விற்றவர் அதை ஜன்னல் கெட்டுவிட்டதன் அடையாளம் என்று காட்டியிருப்பார். வீட்டுக் காற்றில் ஈரம் அதிகம், கண்ணாடி குளிர்ந்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். சோறு வடிப்பது, இடியப்பம் அவிப்பது, துணி உள்ளே காயப்போடுவது, ஆறு பேரின் மூச்சு எல்லாம் சேர்ந்த ஈரம் அது. பதினைந்து டொலருக்கு ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள். வெளியே மைனஸ் 20 இருக்கும் நாளில் உள்ளே ஈரம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவிக்கும்போதும் வடிக்கும்போதும் அடுப்பு விசிறியைப் போடுங்கள். அது காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி உங்கள் முகத்திலேயே ஊதுகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில், துடைக்க முடியாத இடத்தில் மங்கல் இருந்தால் மட்டும் அந்த ஜன்னலின் அடைப்பு உடைந்துவிட்டது. அப்போதும் ஜன்னலின் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றலாம்.

ஒரு சின்னக் கணக்கு

உங்கள் ஜன்னல்கள் 1990களில் போட்ட இரட்டைக் கண்ணாடி என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டிக்கில் மூன்று அங்குலத்துக்குப் பழைய ஃபைபர்கிளாஸ் பஞ்சு, அதாவது சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன். இந்த அளவுகளையும் ரொறன்ரோவின் குளிரையும் வைத்துக் கணக்குப் போட்டேன். 11 ஜன்னல்களையும் நல்ல புதிய ஜன்னல்களாக மாற்றினால் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பத்தில் மிச்சமாவது வருடத்துக்குச் சுமார் 130 கன மீட்டர் எரிவாயு. காசாகப் பார்த்தால் நூறு டொலர்கூட வராது. அட்டிக்கை இன்று ஒன்ராறியோவில் புதிய வீடுகளுக்குப் போடும் ஆர்-60 அளவுக்குக் (ஆர் எண் கூடக் கூடச் சூட்டைத் தடுக்கும் திறன் கூடும்) கொண்டுவந்தால் மிச்சம் 400 கன மீட்டர் அளவில் இருக்கும். செலவோ ஜன்னல் விலையில் ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு. இதில் காற்றுக் கசிவை அடைப்பதால் வரும் மிச்சத்தைச் சேர்க்கவே இல்லை. வீடு எவ்வளவு கசிகிறது என்பதைச் சோதிக்காமல் அந்த எண்ணை நான் சொல்லக் கூடாது.

ஜன்னலே வீண் என்று நான் சொல்லவில்லை. ஜன்னல் சட்டம் உளுத்திருந்தால், மூட முடியாமல் இருந்தால், மாற்றத்தான் வேண்டும். புதிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்வது இதமாகவும் இருக்கும். வெப்பத்தைப் பிடிக்க ஜன்னலில் தொடங்குவதுதான் தவறு.

மாமியின் அறை

உங்கள் மாமிக்கு வயசுக் குளிர் இல்லை. அவர் சொல்வது உண்மை, அந்த அறை குளிர்கிறது. இதை வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயிலை நாள் முழுக்க வாங்கிய மதிலுக்குப் பக்கத்தில் இரவு எட்டு மணிக்குப் போய் நின்றது நினைவிருக்கிறதா? காற்று குளிர்ந்துவிட்டாலும் மதிலிலிருந்து அனல் அடிக்கும். மாமியின் அறையில் நடப்பது அதன் தலைகீழ். இரண்டு பக்கம் வெளிச்சுவர், மேலே மெல்லிய இன்சுலேஷன். அறைக் காற்று 21 இருந்தாலும் சுவரும் சீலிங்கும் 13, 14 ஆக இருக்கலாம். அவர் உடம்பின் சூடு அந்தச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் நடைபாதையில் இருக்கிறது, அதற்கு இது தெரியாது. முப்பது டொலருக்குக் கிடைக்கும் துப்பாக்கி போன்ற வெப்பமானியை முதலில் நடு அறைச் சுவரிலும் பிறகு மாமியின் கட்டிலோரச் சுவரிலும் காட்டிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களை மாமிக்கும் காட்டுங்கள்.

அலமாரி மூலைப் பூஞ்சணமும் இதே கதைதான். மூலை குளிர்ந்திருக்கிறது, கதவு மூடியிருப்பதால் சூடான காற்று அங்கே போவதில்லை, ஈரம் படிகிறது. சின்ன அளவு என்றால் முகமூடி, கையுறை போட்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து உலர்த்துங்கள். அலமாரிக் கதவைத் திறந்தே வையுங்கள், துணிகளைச் சுவரிலிருந்து விலக்குங்கள். கட்டிலை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். காற்றுத் துவாரம் கட்டிலுக்கடியில் மறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான் போன வீடுகளில் ‘சூடு வராத அறை’ என்று சொன்ன பலவற்றில் துவாரம் கட்டிலுக்கடியிலோ பெட்டிகளுக்குப் பின்னாலோதான் இருந்தது.

மற்ற அறைகளில் மூடிய துவாரங்களை உங்கள் கணவர் திறந்துவிட வேண்டும். நல்லெண்ணத்தில் செய்திருக்கிறார், ஆனால் குழாய் முறை அப்படி வேலை செய்யாது. மூட மூடக் குழாய்க்குள் அழுத்தம் கூடி, பேஸ்மென்டில் இருக்கும் மூட்டுகளின் வழியாகச் சூடு கசியும். ஃபர்னஸுக்கும் அது நல்லதல்ல. அந்த மூட்டுகளை வெள்ளிநிற அலுமினிய டேப்பால் ஒட்டினாலே கடைசி அறைக்குப் போகும் காற்று கூடும். துணி டேப் வேண்டாம், ஒன்றிரண்டு வருடத்தில் உரிந்துவிடும்.

மின் ஹீட்டரைச் சட்டென்று நிறுத்தச் சொல்ல மாட்டேன், மாமி குளிரில் இருக்கக் கூடாது. ஆனால் நீட்டிப்பு வயரில் செருகாதீர்கள், போர்வையிலிருந்து மூன்று அடி தள்ளி வையுங்கள். 1,500 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் 15 யூனிட். அதே சூட்டை எரிவாயுவில் பெறுவதைவிட இரண்டு மூன்று மடங்கு செலவு அது.

ஊதுபத்தியோடு ஒரு சுற்று

ஒளிந்திருக்கும் கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. காற்று அடிக்கும் குளிர்நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடுங்கள். ஃபர்னஸை அணையுங்கள், தண்ணீர் ஹீட்டரைப் ‘பைலட்’ என்ற சின்னச் சுடருக்குக் குறைத்து வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் அவற்றின் புகை உள்ளே திரும்பலாம். பிறகு குளியலறை விசிறி, வெளியே ஊதும் அடுப்பு விசிறி, துணி உலர்த்தி மூன்றையும் ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். புகை நேராக எழுந்தால் அந்த இடம் நலம். படுத்தோ துடித்தோ போனால் அங்கே ஓட்டை.

வெளிச்சுவர்களில் இருக்கும் பிளக் பொயின்ட்கள், சுவரும் தரையும் சேரும் விளிம்பு, அட்டிக் மூடியின் நாலு பக்கம், பேஸ்மென்ட் சுவரின் தலைப்பு, ஜன்னல் சட்டத்தின் ஓரம், துணி உலர்த்திக் குழாய் சுவரைத் துளைக்கும் இடம் என்று ஒன்றொன்றாகப் பாருங்கள். உங்கள் வீட்டு வயதில் இன்னொன்றும் இருக்கலாம். பக்கவாட்டுக் கதவுக்கு அருகே முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு. பால்காரர் வெளியிலிருந்து போத்தலை வைத்துப் போக, வீட்டுக்காரர் உள்ளிருந்து எடுக்கக் கட்டியது. மேலே பெயின்ட் அடித்து மறந்திருப்பார்கள், உள்ளே வெறும் பொந்து. இப்படி எத்தனையோ பால்கதவுகளில் என் கை குளிர்ந்திருக்கிறது.

அட்டிக் மூடியைத் தூக்கும்போது பழைய ஃபைபர்கிளாஸில் கறுப்பு அழுக்குப் படிந்த இடங்களைக் கவனியுங்கள். பலர் அதைப் பூஞ்சணம் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது தூசி. வருடக்கணக்காக அந்த வழியாக வீட்டுக் காற்று ஏறியிருக்கிறது, இன்சுலேஷன் அதை வடிகட்டியிருக்கிறது. கசிவின் வரைபடத்தை வீடே வரைந்து வைத்திருக்கிறது. ஃபைபர்கிளாஸ் காற்றை வடிகட்டும், நிறுத்தாது. அதனால்தான் ஓட்டைகளை அடைத்த பிறகே புது இன்சுலேஷன் போட வேண்டும். அடைக்காமல் மேலே கொட்டிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. விலைப்பட்டியலில் ‘முதலில் அட்டிக் தரையின் காற்றுக் கசிவை அடைப்பது’ என்ற வரி இருக்கிறதா என்று கேளுங்கள். குளியலறை விசிறிக் குழாயை இன்சுலேஷன் சுற்றி வெளியே கொண்டுபோவதும், கூரை விளிம்பின் காற்றோட்டத் துவாரங்கள் அடைபடாமல் தடுப்பு வைப்பதும் அதே பட்டியலில் இருக்க வேண்டும்.

எங்கே சூடு, எங்கே குளிர் என்று நிறத்தில் காட்டும் வெப்பக் கமெராவும் உதவும். ஒன்ராறியோவில் சில ஊர் நூலகங்களில் புத்தகம் போல இரவலாகக் கிடைக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது பத்து டிகிரி வித்தியாசம் உள்ள நேரத்தில், சூரியன் சுவரைச் சுடுவதற்கு முன் எடுங்கள். கண்ணாடியிலும் பளபளக்கும் உலோகத்திலும் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

நீங்களே கை வைக்கக் கூடாதவை

அட்டிக்கில் பஞ்சுக்குப் பதிலாக, பழுப்பும் பொன்னிறமுமாகப் பளபளக்கும் சின்னக் கூழாங்கல் போன்ற மணிகள் தெரிந்தால் மூடியை மெதுவாக மூடிவிட்டு இறங்குங்கள். அது வெர்மிகுலைட் என்ற பழைய வகை இன்சுலேஷன். 1990க்கு முன் போட்ட வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது அப்படிக் கலந்திருந்தது. கிளறாமல் இருந்தால் வீட்டுக்குள் ஆபத்துக் குறைவு. பரிசோதனை முடியும்வரை யாரையும் மேலே ஏறவிட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர் ஹீட்டர். அதன் தலையிலிருந்து தகரக் குழாய் புகைபோக்கிக்குப் போகிறது என்றால் அது வீட்டுக் காற்றை எடுத்து எரிகிறது. வீட்டை இறுக்கிய பிறகு விசிறிகள் ஓடும்போது புகை திரும்பி உள்ளே வரலாம். ஆகவே பெரிய அளவில் அடைப்பதற்கு முன்னும் பின்னும் தெரிந்தவர் சோதிக்க வேண்டும். வீடு இறுகியதும் ஈரமும் கூடும் என்பதால் நல்ல காற்றோட்டமும் தேவை. வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிவிடும் கருவிகளும் இருக்கின்றன.

இதனால்தான் உங்கள் வீட்டுக்கு ஒரு முழு மதிப்பீடு செய்துகொள்ளுங்கள் என்கிறேன். எனர்கைட் என்ற மத்திய அரசின் வீட்டு எரிசக்தி மதிப்பீட்டு முறையில் பதிவு பெற்ற ஆலோசகர் வந்து, வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டின் அழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைப்பார். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகக் காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் மோதுவது போல இருக்கும். அப்போது ஒவ்வொரு ஓட்டையும் கைக்குத் தெரியும். மாமியையும் கூட்டிக்கொண்டு சுற்றுங்கள், எங்கே குளிர்கிறது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். எல்லா ஓட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவு பெரிய துளை என்றுகூட அறிக்கையில் வரும். இந்தக் காற்றிறுக்க அறிவு வளர்ந்ததில் இந்த நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1977இல் ரெஜைனாவில் ஃபர்னஸே இல்லாமல் ஒரு வீடு கட்டிக் காட்டினார்கள், சஸ்காச்சுவானின் குளிரில். அதை நினைத்தால் எனக்கு இன்றும் உற்சாகமாக இருக்கும்.

காசு எங்கிருந்து

மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. 2024 பிப்ரவரியிலேயே மூடிவிட்டார்கள். இன்னும் அதன் பெயரைச் சொல்லி யாராவது வாசலுக்கு வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் ஹோம் ரெனவேஷன் சேவிங்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. இன்சுலேஷன், கசிவடைப்பு போன்றவற்றுக்குச் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். சில வேலைகளுக்கு முன்கூட்டியே மதிப்பீடு செய்திருக்க வேண்டும், ஆகவே வேலை தொடங்கும் முன் விதிகளைப் படியுங்கள். முடித்துவிட்டு வந்து கேட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

ரொறன்ரோ நகரசபையின் வீட்டு எரிசக்திக் கடனுக்கு இப்போது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள், அதைச் சொத்து வரியோடு சேர்த்துத் திருப்பிக் கட்டலாம். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் ஹோம் வின்டர்ப்ரூஃபிங் திட்டத்தில் இன்சுலேஷனும் கசிவடைப்பும் இலவசமாகவே செய்து தருவார்கள். கணவரின் வேலை நேரம் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இலவசத் திட்டம் என்று கூச்சப்படாமல் முதலில் இதற்கே விண்ணப்பியுங்கள். நீங்கள் கட்டும் எரிவாயுக் கட்டணத்திலிருந்தும் வரியிலிருந்தும்தான் இவை நடக்கின்றன.

ஃபர்னஸுக்குப் பதிலாக ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தரும் மின்கருவி) போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். வீட்டை இறுக்கி, அட்டிக் முடித்த பிறகு உங்களுக்குச் சின்னக் கருவியே போதும். இன்றைய கசிவுக்கு அளவெடுத்தால் பெரியதை வாங்கிவிடுவீர்கள்.

சரி, வேலையின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் ஒப்பந்த ரத்துக் கடிதம், அலாரம், கட்டிலை மாற்றுவது, துவாரங்களைத் திறப்பது. இந்த மாதம் ஊதுபத்திச் சுற்று, பிளக் பொயின்ட்களுக்கு நுரைத் திண்டு, அட்டிக் மூடிக்கு ரப்பர்ப் பட்டை, மாமியின் ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் தாள். எல்லாம் சேர்த்து நூறு டொலருக்குள் முடியும். குளிர் போவதற்குள் மதிப்பீடு. கோடையில் அட்டிக், அதன் பிறகு பேஸ்மென்ட் சுவரின் தலைப்பும் சுவரும். ஜன்னல்களைப் பற்றி அடுத்த குளிர்காலம் முடிந்ததும் யோசிக்கலாம்.

அட்டிக் வேலை நடக்கும் நாளில் விசிறிக் குழாய் கூரைக்கு வெளியே வந்து முடிவதை உங்கள் கண்ணால் பாருங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். குளியலறை சீலிங்கைப் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வேலை முடிந்து வரும் முதல் மார்ச்சில் அந்தக் கோட்டைத் தாண்டி ஈரம் பரவியிருந்தால் எனக்கு எழுதுங்கள், வந்து பார்க்கிறேன். மாமியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.